அட்டை மறைப்பு

முதல்முறை தேர்தலைத் தள்ளிவைத்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்த வாக்கு இயந்திரத்தை எடுத்துப்போனார்கள். மேசையையும் அதன்மேல் நின்ற அட்டை மறைப்பையும் விட்டுவிட்டார்கள். மறுநாள் செண்பகவல்லி வந்து, மறைப்புக்குப் பின்னால் குனிந்து, வெறும் மேசையில் விரலை அழுத்திவிட்டுப் போனாள். பிறகு எல்லோரும் தினமும் வந்தார்கள். மழையென்றால் குடையோடு வரிசையில் நின்றார்கள். யாருக்கு அழுத்தினாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தேர்தல் வருஷக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கவுன்சிலர்கள் இல்லாத ஊரை நிர்வகிக்க அரசாங்கம் அனுப்பிய தனி அலுவலர் கோதண்டபாணி, மேசையை அப்புறப்படுத்த ஒரு மத்தியானம் வந்தார்.

“இந்த ஓட்டு செல்லாதும்மா.”

“நாங்க ஓட்டுப் போடாமலே உங்க கையெழுத்து செல்லுதே சார்,” என்றாள் செண்பகவல்லி. அவள் குரலில் கோபமே இல்லை.

அவர் மறைப்புக்குப் பின்னால் போனார். மேசை மரத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு குழி, வழவழவென்று தேய்ந்திருந்தது. அதில் கொஞ்சம் வெயில் தேங்கி நின்றது. தன்னையறியாமல் விரலை வைத்தார். குழி வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை. வெளியே வரிசை கலையாமல் நின்றது.

“மெதுவா யோசிச்சே அழுத்துங்க சார்,” என்றது செண்பகவல்லியின் குரல். “எங்களுக்கு நின்னு பழக்கம்தான்.”