சின்னச் சக்கரவர்த்தியின் மூக்கு

"தாழிக்குள்ள குதி தம்பி! சிப்பாய்ங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க!" மர்தானா பதறினாள்.

"எண்ணெய் வாடை குமட்டுதுக்கா!"

"தலை போறதுக்கு அது எவ்வளவோ தேவலை. குதி!"

இளைஞன் குதித்தான். மர்தானா மூடியைப் போட்டு, மேலே ஒரு கூடை ஒலிவப் பழத்தையும் வைத்தாள்.

அந்தியோக்கியாவில் காலையிலிருந்தே அமளி. படைபலத்தில் அரியணையைப் பிடித்த சக்கரவர்த்தி போரில் செத்துப்போனார். அவரோடு சேர்ந்து முடிசூட்டிக்கொண்டு, ஒன்பதே மாதம் ஆண்ட மகன், ஊருக்குள்தான் ஒளிந்திருக்கிறானாம்.

மர்தானாவின் புருஷன், சிற்பி பர்செமியா, உளியை எடுத்து, மும்முரமாக வேலை செய்வதுபோல் ஒரு கல்லைக் கொத்தத் தொடங்கினார். கல்லறைக் கல் செய்யச் சொல்ல வந்த வாலிபன் மட்டும் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"அப்பாவுக்குத்தான் ஐயா. பேர் வேண்டாம். ஒரு திராட்சைக் கொடி போதும்."

அதற்குள் சிப்பாய்த் தலைவன் நுழைந்துவிட்டான். அவன் கையில், சந்தைச் சதுக்கத்துச் சிலையிலிருந்து பெயர்த்த கல்தலை.

"ஓய் சிற்பி! இது நீர் செதுக்கினதுதானே? இந்த மூஞ்சி எவனுக்கு இருக்கோ, அவன்தான் அந்தப் பொடியன்!"

வாலிபனின் கன்னத்தருகே கல்தலையைப் பிடித்து, இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"சேச்சே! இது கழுகு மூக்கு. உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கான்னே தேட வேண்டியிருக்கே!"

வாலிபன் விழுந்து விழுந்து சிரித்தான். தலைவனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. தாழியின் மேலிருந்த கூடையில் கைவிட்டு ஒரு பிடி ஒலிவப் பழம் அள்ளினான். மர்தானா கூடை நகராமல் பிடித்துக்கொண்டாள். அவனோ மென்றபடியே வெளியேறினான்.

மூடியைத் திறந்ததும் எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்தான் மர்தானாவின் கூடப்பிறந்த தம்பி. அச்சு அசல் அதே கழுகு மூக்கு!

"மாமா! ராஜா தலையைச் செதுக்கச் சொன்னா, என் தலையையா செதுக்குவீங்க?"

"என்னடா பண்றது? பழைய ராஜா உடம்புல புதுத் தலை மாட்டணும், ஆறே நாள்லன்னாங்க. அந்தப் பையனை இந்த ஊர்ல எவன் பார்த்தான்? நீதான் வேலைவெட்டி இல்லாம என் எதிர்ல உட்கார்ந்திருந்த!"

வாலிபன் சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க மச்சான் மூக்குக்கு ஒரு பெரிய கும்பிடு, ஐயா. சிலைக்கு முகம் காட்ட சிற்பி முன்னால போய் உட்காருடான்னு, ஒன்பது மாசம் முன்னாடி அப்பா என்னை எவ்வளவோ நச்சரிச்சார். நல்லவேளை, நான் வரலை!"