மடுவத்துக்குப் போன பிள்ளை

“மடுவத்துக்குப் போன காலோடை உந்தக் கேற்றைத் தாண்டாதை, சொல்லிப்போட்டன்.”

ஞானாம்பிகை வாளித் தண்ணீரோடு முற்றத்தில் நின்றாள். ஆரணி ஸ்கூட்டியை மதிலோரம் விட்டுவிட்டு ஒழுங்கையிலேயே நின்றாள்.

“தாண்டேல்லை அம்மா. இதிலையே நிக்கிறன்.”

மகள் மிருக வைத்தியம் படிக்கப் பேராதனைக்குப் போன நாளிலிருந்தே ஞானாம்பிகைக்கு மனக்குறைதான். பிள்ளை மனிசருக்கு டொக்டராகும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளையோ விரும்பியே மாட்டைத் தெரிவு செய்துவிட்டது. அதையும் ஒருமாதிரி விழுங்கிக்கொண்டாள். இப்போது இறுதியாண்டு. சொந்த மாவட்டத்தில் பயிற்சி. அதில் ஒரு பகுதி மாடு வெட்டுகிற மடுவத்தில். வெட்ட முதல் மாட்டைச் சோதிக்கவேண்டும், வெட்டிய பிறகு இறைச்சியைச் சோதிக்கவேண்டும்.

“முட்டைகூட அவிக்காத வீடடி இது. தெல்லிப்பழையிலை நாங்கள் இனித் தலை நிமிர்ந்து நடக்கிறதில்லையே? உங்களுக்கு வேறை ஒண்டும் படிப்பிக்கேல்லையோ?”

“எல்லாம் படிப்பிச்சவை. உதுவும் படிப்புத்தான். செய்யாட்டிப் பட்டம் தரமாட்டினம்.”

“சைவப்பிள்ளை, ஏலாது எண்டு சொல்லு. நான் வந்து உன்னைப் பழக்கிற டொக்டரோடை கதைக்கிறன்.”

“நான் ஒதுங்கினால் வருத்தக்கார மாட்டையும் வெட்டி விப்பாங்கள். திண்டுபோட்டுப் படுக்கிறது மனிசர்தானே?”

பக்கத்து வளவுச் செல்வநாயகி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இதைவிட வேறு வேலை இல்லை. ஞானாம்பிகை குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கை மாடுகளைக் கிட்டப் போய்ப் பாத்தனியே?”

“கிட்டப் போகாமல்? முழங்கை மட்டும் கையை உள்ளுக்கை விட்டுச் சோதிச்சனான்.”

செல்வநாயகி முகத்தைச் சுளித்தாள். ஞானாம்பிகையின் வாளியிலிருந்து தண்ணீர் சிந்தியது.

“பாவமடி, பாவம். பட்டிப்பொங்கலுக்குச் சிவப்பிக்குப் பொட்டு வைச்சுக் கும்பிட்ட வீடு இது.”

“சிவப்பி எங்கை அம்மா?”

“எத்தினை தரம் சொல்லுறது? எத்தினை ஊசி போட்டும் சினைப்படேல்லை. மலடெண்டாலும் விக்க மனம் வருமே? கிளிநொச்சியிலை மாமா வீட்டுக்குக் குடுத்துவிட்டது. அங்கை நல்ல புல்லுக் கிடக்கு.”

கொட்டிலில் சிவப்பியைக் கட்டுகிற கட்டை மட்டும் நின்றது. ஆரணி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஒழுங்கை முடக்கைப் பார்த்தாள்.

“முடிவாச் சொல்லு. நாளைக்கும் அங்கை போவியோ?”

“போவன். நாளையிண்டைக்கும் போவன். பட்டம் எடுத்தாப்பிறகும் போவன்.”

“அப்ப உனக்கு இந்த வீட்டிலை இடமில்லை. உன்ரை அப்பா தோட்டத்தாலை வந்தாலும் இதுதான் கதை.”

ஆரணிக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் கொஞ்சமும் தளரவில்லை. இத்தனை வருடம் பிணவாடையிலும் சாணியிலும் நின்று படித்தவள், கேற்றடியில் நின்று அழுவதற்கில்லை.

“எனக்கு இடம் தராட்டி விடுங்கோ. கேற்றை மட்டும் திறவுங்கோ.”

“நீ வரேல்லை எண்டால் என்னத்துக்குக் கேற்று?”

அதற்குள் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று இரைந்தபடி முடக்கால் திரும்பியது. நேரே வந்து இவர்கள் வீட்டு வாசலில் நின்றது. பின்பெட்டியில் ஒரு சிவத்த மாடு. தொடையில் இந்த வீட்டுக் குறி.

ஓட்டி வந்த மாட்டு வியாபாரி எமில்ராஜ் தலையைச் சொறிந்தார்.

“ஞானாம்பிகை அக்கா, நீங்கள் போன கிழமை எனக்கு வித்த மாடு. மடுவத்திலை வெட்ட விடேல்லை.”

ஆரணி தானே கேற்றைத் தள்ளித் திறந்தாள்.

“சிவப்பி மலடில்லை அம்மா, சினை. சினைமாட்டை வெட்டக்கூடாதெண்டு நான்தான் மறிச்சனான், வித்த வீட்டிலையே கொண்டுபோய் விடச் சொன்னதும் நான்தான்.”