நாலு டிஸ்க் பெட்டி

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் ஜெனித், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வீடியோக்களையெல்லாம் சேமித்து வைக்கும் பெட்டியிலிருக்கும் நாலு டிஸ்க்கில் ஒன்று செத்தால், மற்ற மூன்றும் சேர்ந்து அதை மீட்டுத் தந்துவிடும். நேற்று ஒன்று போயிற்று. மீட்டுக்கொண்டிருக்கும்போதே இன்று இன்னொன்றும் போய்விட்டது. இனி எதுவும் திரும்பாது.

நேற்றைய செய்தியை மட்டும் கேள்விப்பட்டு லீலாபாய் வந்து நின்றாள். இறந்துபோன கணவர் நேசையன், மகள் கல்யாணத்தில் ஜெபம் பண்ணிய குரல் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

"யக்கா, அன்னைக்கு வீடியோவ ஒரு பென் டிரைவுல போட்டுத் தந்தேன்லா?"

"இன்னா, பையிலதான் கெடக்கு."

ஜெனித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாங்கிச் செருகினான். கிறிஸ்மஸ் கேரல் பாட்டுகள் மட்டும் வரிசையாக வந்தன.

"வீடியோ எங்கக்கா?"

"பாட்டு கேற எடமில்லன்னு போன கிறிஸ்மஸுக்கு நீதான மக்கா அழிச்ச? நான் வேண்டாம்னுதான் சொன்னேன். 'நம்ம பெட்டியில பத்திரமா கெடக்கு, ஒரு டிஸ்க் போனாலும் ஒண்ணும் ஆவாது'ன்னு நீதான சொன்ன."

ஜெனித் பென் டிரைவை மெல்ல உருவினான்.

லீலாபாய் அவன் தோளைத் தட்டினாள்.

"பொறவு எதுக்கு மக்கா மொகம் இப்படி இருக்கு? ஒண்ணுதான போயிருக்கு?"