நீங்க மட்டும் வாங்க

“இருக்கிற மருந்தை இல்லைன்னு சொல்ல எப்படிய்யா உனக்கு வாய் வந்தது?”

மருந்துக்கடை வாசலில் அவள் போட்ட சத்தத்தில், எதிரே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் நிமிரவில்லை. இருமல் மருந்தை உறையில் போட்டு ஒரு பெரியவரிடம் நீட்டினார். தெருவில் கடைக்காரருக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்றுதான் பேர். அவர் சிரித்தால் அலமாரியிலுள்ள மருந்தெல்லாம் காலாவதியாகிவிடும் என்று பிள்ளைகள் கேலி பேசும்.

“சாயங்காலம் வாங்கம்மா, பேசிக்கலாம்.”

“கேட்டீங்களா எல்லாரும்? காலையிலேயும் இதே பாட்டுதான். ‘மருந்து இல்லை, சாயங்காலம் நீங்க மட்டும் வாங்க’ன்னார். நான் எதுக்குய்யா தனியா வரணும்? நானென்ன உன் மாமன் மகளா?”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? மகளுக்கு வந்திருப்பது சாதாரணப் பரு இல்லை. இரண்டு கன்னத்திலும் சீழ் கட்டி, பழுத்து, உடைந்து, குழி விழுந்துகொண்டிருந்தது. கற்றாழை, தேன், எலுமிச்சை, களிமண் என்று அவள் பூசாதது இல்லை. மாத்திரை என்று யாராவது சொன்னாலே அவளுக்கு ஆகாது. ஈரல் கெடும், உதடு வெடிக்கும், ரத்தம் வேறு எடுப்பார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

நாத்தனார்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். “அண்ணி, நீங்க வைத்தியம் பண்றீங்களா, ஊறுகாய் போடுறீங்களா? என் பையனைப் பாருங்க. அந்த மாத்திரையிலதான் மூஞ்சி கண்ணாடி மாதிரி ஆயிருக்கு.”

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மகளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்தாயிற்று. இன்று காலை மகளையும் கூட்டிக்கொண்டு சீட்டோடு வந்தால், இந்த மனுஷன் சீட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், இல்லை என்றார். போதாததற்கு, “இப்போதைக்கு இந்தக் கற்றாழை ஜெல் போடட்டும்” என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். மதியம் நாத்தனார் தன் பையனுக்கு அதே மாத்திரையை, அதே கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். “எனக்குக் குடுத்தாரே அண்ணி.”

அவ்வளவுதான். மகளை நாத்தனாரிடம் விட்டு, பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“ஆளைப் பார்த்துத்தான் மருந்து குடுப்பார் போல” என்றார் ஒருவர்.

“அந்த ஜெல்லுல கமிஷன் இருக்கும்” என்றார் இன்னொருவர்.

“சொல்லுய்யா” என்றாள் அவள். “நாங்க தையக்காரங்கன்னு இளக்காரமா? அவ பிள்ளை மூஞ்சி மட்டும் மூஞ்சி, என் பிள்ளை மூஞ்சி என்ன மிதியடியா? எதுவானாலும் இங்கேயே, இவங்க முன்னாடியே சொல்லு.”

கடைக்காரர் வாசலில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பு என் மேலதாம்மா. இருந்துச்சு. இல்லைன்னு சொல்லிட்டேன்.”

“பார்த்தீங்களா, அவர் வாயாலேயே வந்துடுச்சு” என்றார் பெரியவர். “இந்தம்மாவா இருக்கக்கொண்டு இத்தோட விட்டாங்க. நானா இருந்தா கடையை மூட வச்சிருப்பேன்.”

தீர்ப்பு சொன்ன திருப்தியில் கூட்டம் கலைந்தது.

அவள் சீட்டை மேஜைமேல் அறைந்து வைத்தாள். “இப்ப எடு மருந்தை.”

அவர் மருந்தை எடுக்கவில்லை. வெளியே வந்து, கடைசி ஆளும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“டாக்டர், பொண்ணுகிட்ட ஏதாவது கேட்டாராம்மா? தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்குன்னு?”

“கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். நல்லாத் தூங்குறா, ஒரு கவலையும் இல்லை, பரு மட்டும்தான்னு.”

“இந்த மருந்து சிலருக்கு மனசைப் போட்டு அழுத்தும்மா. அதான் கேக்கிறது. சீட்டுல பார்த்த டாக்டர் நம்பருக்குப் போன் பண்ணிட்டேன். இப்பவே கூட்டிட்டு வாங்க, முதல்ல பொண்ணோட தனியாப் பேசணும்னு சொன்னார். அதுவரைக்கும் பொண்ணை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க.”

“என்னய்யா மிரட்டுறே? முகத்துல பரு வந்த பிள்ளைகிட்டத் தனியாப் பேச என்ன இருக்கு?”

அவர் குரல் இறங்கியது.

“நேத்து ஒரு பொண்ணு, முகத்தைத் துணியால மூடிக்கிட்டு வந்து, தூக்க மாத்திரை நிறைய வேணும்னு கேட்டுதும்மா. நான் குடுக்கலை. யாரு பெத்த பிள்ளையோன்னு ராத்திரி முழுக்கத் தவிச்சேன். காலையில அதே கண்ணு, உங்க பக்கத்துல வந்து நின்னுச்சு.”