பெற்றவள் வந்த அன்று

மகள் நாற்காலியை இழுத்துத் தன்னைப் பெற்றவளின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அதுவரை என் பக்கத்தில் இருந்த நாற்காலி.

கன்னியர் மடத்தின் பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தோம். மேசையில் பழைய பதிவேடு திறந்து கிடந்தது.

மணமாகாமல் கருவுற்ற பெண்களை ஒரு காலத்தில் இந்த மடத்தில் வைத்துத் துணி வெளுக்க விட்டார்கள். பிறந்த குழந்தைகளைத் தத்துக் கொடுத்தார்கள். விசாரணைக் கமிஷன் வந்து கேட்ட பிறகுதான் பதிவேடுகள் வெளியே வந்தன. அதில் ஒரு வரியாக என் மகள் இருந்தாள். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், இருபது நாள் சிசுவாக என் கைக்கு வந்தவள்.

அவளைப் பெற்றவள் இன்றுதான் அவளைப் பார்க்கிறாள்.

ஓய்ந்துபோன ஒருத்தி வருவாள், அழுவாள், நான் தட்டிக்கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். வந்தவள் நிமிர்ந்து நடந்து வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாளாம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்.

ஏதோ பேசி இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, ஒரே மாதிரி. அது அப்பா வழிச் சிரிப்பு என்று அக்கம்பக்கத்தில் நான் சொல்லி வைத்திருந்தேன்.



டைபாய்டு காய்ச்சலில் அவளை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தது நான். இவள் பத்து மாதம் சுமந்தாள். அவ்வளவுதானே?

"காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்குமே?" என்று அவள் மகளின் முடியை ஒதுக்கினாள். மகள் கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள். பன்னிரண்டு வயதிலிருந்து என் கையைத் தலையில் படவிடாதவள்.

பிறகு அவள் மதரின் பக்கம் திரும்பினாள். அந்தக் காலத்தில் மடத்தை நடத்திய மதர் இப்போது சக்கர நாற்காலியில், தலை குனிந்து இருந்தார்.

"எதுக்குக் கையெழுத்துன்னுகூட நீங்க சொல்லல. சரி, அது போகட்டும். வருஷா வருஷம் இவ பொறந்த நாளைக்கு இங்கதான லெட்டர் போட்டேன்? ஒரே ஒரு போட்டோதான கேட்டேன்?"

மகள் துள்ளி எழுந்தாள். "லெட்டரக்கூடவா மறைச்சீங்க? நீங்கள்லாம் மனுஷங்களா?"

மதர் தலையைத் தூக்கினார். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"ஆமாம்மா," என்றார் மதர். "தப்பு எங்களோடதுதான்."

மகள் பெற்றவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். எழுந்து போய் நானும் அவள் முதுகைத் தடவியிருக்கலாம். பதிவேட்டை மூடி வைத்தேன்.

அந்தக் கடிதங்களை மதர் மறைக்கவில்லை. பதினொரு வருடம், ஒன்றுவிடாமல் புது உறையில் போட்டு என் விலாசத்துக்கு அனுப்பிவைத்தார். 'ஒரு படமாவது கொடுங்கள்' என்று ஓரத்தில் தன் கையால் எழுதியும் இருப்பார். பன்னிரண்டாவது வருடம் நாங்கள் வீடு மாறினோம். புது விலாசத்தை நான் மடத்துக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டேன்.