பெட்டிக்குள்ள தண்ணி

“செல்வி, இது தண்ணி.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற டிக்சன் அண்ணன் என் கம்ப்யூட்டர் பெட்டியோட பக்கத்துத் தகரத்தைக் கழட்டி வச்சிட்டு விரலைக் காட்டுனாரு. விரல் நனைஞ்சிருந்தது.

“தண்ணியா? மழைகூட இல்லையேண்ணே!”

“மேல இருக்கிற ஓட்டை வழியா வடிஞ்சிருக்கு. புது கிராபிக்ஸ் கார்டு மேல எல்லாம் ஈரம். ஒரு நாள் ஈரம் மாதிரியும் தெரியல. ஸ்க்ரூ துருப்பிடிக்க ஆரம்பிச்சிட்டு.”

எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த வீட்டுல இதைச் செய்யக்கூடிய ஆள் ஒருத்தர்தான். எங்கப்பா.

கேம் நல்லா ஓடணும்னு எட்டு மாசமா சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்குன கார்டு அது. எனக்குத் தூத்துக்குடியில ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை. காலையில ஆத்தூர்ல பஸ் ஏறுனா, வீடு வந்து சேர ஏழு மணி ஆயிரும். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர்ல கேம். யாரும் எனக்கு வாங்கித் தரல. அதனால யாருகிட்டயும் அனுமதியும் கேட்க மாட்டேன்.

அப்பாவுக்கு இது ஆகவே ஆகாது. வெத்தலைத் தோட்டத்துல இருந்து வந்து கால் கழுவுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவாரு.

“இருபத்தஞ்சு வயசுப் பொம்பளப்பிள்ள, காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு ‘சுடு, சுடு’ன்னு கத்துதா. தெருவே சிரிக்குது.”

“சிரிக்கட்டும்ப்பா. அவங்க வாய், அவங்க பல்லு.”

புது கார்டு போட்டதுல இருந்து பத்து நிமிஷம் ஆடுனாலே பெட்டி தானா ஆஃப் ஆச்சு. போன புதன்கிழமை ராத்திரி டிக்சன் அண்ணன் வந்து பார்த்தாரு.

“கார்டு புதுசு, பெட்டி பழசு. உள்ள காத்தோட்டமே இல்ல. சூடு தாங்காம நின்னு போகுது. ரெண்டு பெரிய ஃபேன் மாட்டணும். ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு வாரேன். அதுவரைக்கும் ஆன் பண்ணாத. இன்னும் சூடேறுனா கார்டு போயிரும்.”

நான் சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும். வயரையே பிடுங்கி வச்சிட்டுப் போனாரு.

அப்பா வாசப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டாரு. “இதுக்கு வைத்தியம் வேறயா? சவத்தைத் தூக்கி ஆத்துல போடுவியா!”

ஆத்துல போடல. ஆத்தையே கொண்டுவந்து ஊத்திட்டாரு!

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க ஆன்லைன் கேம் போட்டியோட ஃபைனல். மதுரையில ஒருத்தி, கோவில்பட்டியில ஒருத்தி, நாகர்கோவில்ல ஒருத்தி, அப்புறம் நான். நாலு பேரும் பொண்ணுங்க. ஒருத்தி வரலைன்னாலும் டீம் அவுட். ‘பொண்ணுங்க டீமா’ன்னு கேலி பண்ண அத்தனை பேரையும் தோற்கடிச்சிட்டு வந்திருக்கோம். அப்பாகிட்ட இதை நான் சொல்லவே இல்ல. சொன்னா மட்டும்? எத்தனை மணிக்குன்னு கேட்கிற ஆளா அவரு?

நேரே பின்வாசலுக்குப் போனேன். அப்பா உட்கார்ந்து வெத்தலை அடுக்கிக்கிட்டு இருந்தாரு.

“என் பெட்டியில தண்ணி ஊத்துனியளா?”

கை நின்னது. தலை நிமிரல.

“வாயத் திறந்து சொல்லுங்கப்பா. நான் ஆபீஸ் போற நேரம் பார்த்துத்தான ஊத்துனிய?”

“ஏளா, மெதுவாப் பேசு.” அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தா. “அவரு வந்து...”

“நீ சும்மா இரும்மா! பெட்டியைக் கெடுத்தா நான் அடங்கிருவேன்னு நெனச்சியளா? கேட்டுக்கோங்க. இதைவிடப் பெருசா இன்னொண்ணு வாங்குவேன். நடுவீட்டுல வச்சு ஆடுவேன். தெரு சிரிச்சா கதவைத் திறந்து வச்சிக்கிட்டு ஆடுவேன்!”

அப்பா ஒரு வார்த்தை பேசல. நான் ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்ற மனுஷன். செஞ்ச தப்புதான் வாயை அடைக்குதுன்னு எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறுச்சு.

“செல்வி, இங்கன வா.”

டிக்சன் அண்ணன் ஃபேன் இறக்கையில ஒட்டியிருந்த எதையோ நுனி விரலால எடுத்தாரு. பழுப்பா ஒரு நார். பின்னாடியே இன்னொண்ணு. கூடவே வாடுன வெத்தலைக் காம்பு.

“வெறும் தண்ணி ஊத்துனா சணல் எப்படி வரும்? அண்ணாச்சி, பெட்டி மேல சாக்கு ஏதும் போட்டியளா?”

அப்பா துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டே உள்ள வந்தாரு. என்னைப் பார்க்கல. டிக்சன் அண்ணன்கிட்டதான் பேசுனாரு.

“நீங்கதான தம்பி சொன்னிய, இன்னும் சூடேறுனா போயிரும்னு? மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா இந்த ஜன்னல்லதான் அடிக்கும். தொட்டுப் பார்த்தேன், தகரம் கொதிக்கி. வெத்தலைக் கட்டு சூடேறுனா ஈரச்சாக்கு போட்டுத்தான காப்பாத்துவோம்? மூணு நாளும் தோட்டத்துல இருந்து பாதியில வந்து நனைச்சு நனைச்சு மூடுனேன். இவ வாரதுக்குள்ள எடுத்துருவேன்.”

டிக்சன் அண்ணன் குனிஞ்சு சிரிப்பை மறைச்சாரு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

“நான் அவ்வளவு கத்துனேனே... ஏன்ப்பா சொல்லல?”

“கெடுத்தது நான்தானளா. அப்புறம் என்னத்தச் சொல்ல?”

“வயரைப் பிடுங்கி வச்சதால உசிரு இருக்கும் அண்ணாச்சி,” டிக்சன் அண்ணன் கார்டைத் தனியா எடுத்துத் துடைச்சாரு. “நல்லாக் காய வச்சு மாட்டிப் பார்ப்போம்.”

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாரு.

“அஞ்சு மணிக்குள்ள காஞ்சிருமா தம்பி? பிள்ளைக்கு இன்னைக்கு ஃபைனல்லா!”