சேறு துடைத்த துண்டு

ஊர் பேர் எதற்கு, ஒரு ஊரிலே ஒரு மாதா கோயில் இருந்ததாம். அங்கே ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போலவே, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவித் துடைப்பார்.

“இந்த வருஷம் நான்தான் துடைக்கிறேன். நாளையிலிருந்து உனக்குத் தரை துடைக்கிற வேலைதான், அக்கா,” என்றது புதுச் சரிகைத் துண்டு. அதுவரை வருஷா வருஷம் கால் துடைத்த பழைய துண்டு வாடிப்போனது.

பதினோரு பேர் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசி வந்திருந்தார்கள். அவர்கள் காலையெல்லாம் புதுத் துண்டு துடைத்தது. கடைசி ஆள் அருளப்பன் வயலிலிருந்து நேராக ஓடிவந்தவர். சேற்றுக் காலை வேட்டிக்குள் மறைத்தார்.

“ஐயோ, என் சரிகை,” என்று புதுசு சுருண்டுகொண்டது.

“தள்ளிக்கோ தங்கச்சி, எனக்குச் சேறு பழக்கம்தான்,” என்றது பழசு.

சாமியார் அதையே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டியிட்டார்.

“வேண்டாம் சாமி, ரொம்ப அழுக்கு,” என்றார் அருளப்பன்.

“அதுக்குத்தானே தண்ணி.”

துடைத்து முடித்ததும், “இனி வருஷா வருஷம் இந்தத் துண்டுதான்,” என்றார் சாமியார்.

பூசை முடிந்து, அருளப்பன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.